மூன்றாவது குச்சியின் அடியில்

வேண்டுமென்றேதான் சொல்லாமல் இருந்தாய். சொல்லியிருந்தால் நான் ஏன் களைக்கொத்தை எடுக்கப் போகிறேன். கார்த்திகையில் இலை பழுத்து, தண்டு தண்ணீராய்க் கரைந்து, போன இடம் தெரியாமல் ஒரு செடி போய்விட்டால் அதற்குப் பெயர் சாவு. இந்த ஊரில் எவளைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள். அது சாகவில்லை, உள்ளே படுத்துக் கிடக்கிறது, ஆறு மாதம் கழித்து எழுந்து வரும் என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்ல உனக்கு என்ன கேடு. சொல்லமாட்டாய். சொன்னால் நான் தோண்டமாட்டேன், நான் தோண்டாவிட்டால் உனக்குப் பையைத் தூக்க ஒரு காரணம் கிடைக்காது. நாற்பத்தோரு வருஷம் என்னோடு குப்பை கொட்டிவிட்டு, மிச்சம் இருந்த மூன்று கிழங்கை பட்டர்புரூட் மரத்தடியில் ஊன்றி, பக்கத்தில் மூன்று குச்சியை நட்டு, “இது மொளைச்சா வர்றேன் ஒச்சு” என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்கு பஸ் ஏறினவன் நீ. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ரெண்டு பாத்திரம் உருண்டிருக்கும், சாயந்தரம் ஆளுக்கொரு டம்ளர் வரக்காப்பியோடு முடிந்திருக்கும். நீதான் கத்தாத பிறவியாச்சே. பஸ் படியில் நின்றுகொண்டு, யாருக்கோ விலாசம் சொல்கிற மாதிரி, “ஆனிக்குள்ள வரலேன்னா வராது” என்றாய். செடியைச் சொல்கிறாயா உன்னைச் சொல்கிறாயா என்று நான் கேட்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். இன்றைக்கு ஆனி இருபத்தொன்பது. மூன்று குச்சியும் நட்ட மாதிரியே நிற்கின்றன. குச்சியில் கூடப் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது, மண்ணில் ஒரு பச்சையைக் காணோம்.

மணி பதினொன்று இருக்கும். பன்னிரண்டுக்குத் தமயந்தி போன் பண்ணுவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பண்ணுகிறாள், நம் மகள் உன்னை மாதிரி இல்லை, கேட்க வேண்டியதை நேராகக் கேட்பாள். “என்னம்மா, வந்துச்சா?” அவ்வளவுதான். அவள் பின்னால் எங்கேயோ நீ இருப்பாய், வத்தலக்குண்டு வெக்கையில் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, காது மட்டும் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு. இன்னும் இல்லடி என்பேன். சரிம்மா என்பாள். ஆறு வாரமாக இதே பேச்சு. அடுத்த ஞாயிறு ஆடி பிறந்துவிடும், அப்போது கேட்கவே மாட்டாள். பின்பக்கம் காய்ப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சு இறங்கி மரத்தில் தங்கிச் சொட்டுகிறது. மழை இல்லை, ஆனாலும் முதுகு நனைகிறது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் வெயில் எட்டிப்பார்த்தால் அதிசயமான இடம் இது. துணி காயாது, வத்தல் போட முடியாது, கோழி கூட இந்தப் பக்கம் வராது. வீடு வாங்கும்போதே இந்த மூலையைக் காட்டித்தான் விலையைக் குறைத்துப் பேசினேன். நீ இந்த மூலையைப் பார்த்துத்தான் வீட்டுக்கே சரி என்றாய், அது எனக்கு அப்புறம்தான் தெரியும். போனை பாலிதீன் பைக்குள் போட்டு மடியில் வைத்திருக்கிறேன். அது அடிப்பதற்குள் மண் வெடிக்கவேண்டும். ஒரு கோடு விட்டால் போதும். எறும்பு ஓடின கோடாக இருந்தாலும் வெடிப்பு என்றுதான் சொல்லுவேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் லூர்தம்மா வாசலில் நிற்கிறது பார், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நம் கிழங்கில் விட்ட குட்டி, முன்னாலேயே நீ கொடுத்ததுதான். பெயிண்டு வாளியில், ஓட்டை கூட ஒழுங்காகப் போடாமல், முட்டைக் கூட்டை எல்லாம் கொட்டி வளர்க்கிறாள், வைகாசியிலேயே குபீரென்று வந்துவிட்டது. முட்டளவு உயரம், குடைக்கம்பி விரிந்த மாதிரி ஒரே ஒரு இலை, அதன் கீழே படம் எடுத்த பாம்பு மாதிரி பூ. பச்சையில் கறுப்புக் கோடு போட்ட படம், அதன் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நூல் மாதிரி நாக்கு. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் விளக்குமாறைத் தேடினேன், நீ சிரித்தாய். லூர்தம்மா பூசை முடிந்து குடையோடு வந்தாள், முக்காட்டைக் கூட எடுக்கவில்லை, வேலி மேல் கையை வைத்துவிட்டாள். “என்னக்கா, இன்னும் காவலா?” “ஆமா, நீ வந்து களவாண்டுட்டுப் போயிருவேல்ல, அதான்.” “நான் ஏன் களவாங்குறேன், எங்கிட்டத்தான் நிக்குதே நெடுநெடுன்னு. பேசாம இதைத் தூக்கிட்டுப் போயி அந்தக் குச்சிக்குப் பக்கத்துல எறக்கிருங்க. போன்ல பாத்தா அண்ணனுக்கு என்ன தெரியப்போவுது.” “பூசை முடிச்சுட்டு வந்த வாயாடி இது?” “சாமி மன்னிச்சிரும்க்கா. புருசன் பொஞ்சாதியைச் சேத்து வைக்கிறதுக்குத்தானே சொல்றேன்.” “உன் சாமி மன்னிக்கும், நான் மன்னிக்கணுமே. உள்ள போ, அடுப்புல ஏதோ தீயுது.” “நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதற்கு எனக்கு ஏன் அத்தனை கோபம் என்றால், போன வாரமே நான் அதை யோசித்து முடித்துவிட்டேன். வாளியோடு புதைக்கலாமா வாளியை அறுக்கலாமா என்கிற வரைக்கும் போய்விட்டேன். காய்கறி மண்டியில் வியாபாரம் பண்ணினபோது இதற்கு மேல் எல்லாம் செய்திருக்கிறேன், மூட்டையின் வாயில் நல்ல கிழங்கை வைத்து அடியில் பொடியைத் தள்ளியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ கண்டுபிடிப்பாய். பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிடுவாய், ஒரு செடியை இன்னொன்றாக நினைத்து நீ நின்றதில்லை. போனில் ஒரு பார்வை பார்ப்பாய், போனைத் தமயந்தியிடம் கொடுத்துவிடுவாய். அந்தக் கொடுத்துவிடுவதை நான் தாங்கமாட்டேன்.

அந்தச் சனியனைக் கொண்டுவந்த நாள் எனக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கிறது. நீ தோட்ட வேலை பார்த்த பங்களாவை விற்றுவிட்டார்கள், இடிக்கிற வண்டி வந்து நிற்கிறது என்று காலையில் சொல்லிவிட்டுப் போனாய். சாயந்தரம் நனைந்த கோழி மாதிரி வந்தாய். தூக்குச்சட்டியைக் கழுவலாம் என்று திறந்தால் உள்ளே சோற்றுக்குப் பதில் மண். மண்ணுக்குள் ஆறு கிழங்கு, சேப்பங்கிழங்கைத் தட்டையாக அமுக்கின மாதிரி. “என்னய்யா இது, சம்பளத்துக்குப் பதிலாக் குடுத்தாங்களா?” “சோலைக்காட்டுச் செடி ஒச்சு. வண்டி ஏறியிருந்தா செத்திருக்கும். வெயில் ஆகாது இதுக்கு.” “நமக்குந்தான் வெயில் ஆகல, நம்மளை எவன் நெழல்ல நட்டான்?” அதற்கும் சிரித்தாய். சமைக்க ஆகுமா என்றேன். தின்றால் தொண்டை வெந்துவிடும் என்றாய். மாட்டுக்கு ஆகுமா என்றேன். மாடு மோந்துவிட்டுப் போய்விடும் என்றாய். விற்க ஆகுமா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் உன் மூஞ்சி எப்படிப் போகும் என்று தெரியும், அந்த ஒரு தடவை நான் வாயைக் கட்டினேன், அதையும் எழுதி வைத்துக்கொள். மக்கின இலையை அள்ளி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து மாவு மாதிரி சலித்துப் போட்டாய். எனக்கு நீ ஒரு நாள் சோறு பிசைந்து கொடுத்ததில்லை. ஏழு வருஷம். வருஷா வருஷம் ஆனியில் வரும், பாம்பாக நிற்கும், கார்த்திகையில் காணாமல் போகும். இரு. வருஷா வருஷம் வந்ததென்றால், வருஷா வருஷம் காணாமலும் போயிருக்கிறது. அதை நான் பார்த்தேனா. பார்த்திருக்கமாட்டேன். விடியற்காலையில் மண்டிக்குப் போய்விட்டு விளக்கு வைத்து வருகிறவளுக்குப் பின்பக்கத்தில் எது வருகிறது எது போகிறது என்று எப்படித் தெரியும். மண்டிக் கடையைத் தமயந்தியின் புருஷனிடம் விட்டுவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்தே ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொல்லுகிறேன்.

போன புரட்டாசியில் கத்தினாயே, அதுதான் உன் வாழ்க்கையில் நீ போட்ட ஒரே சத்தம். “ஒச்சு, ஓடியா, பொண்ணாயிருச்சு, பொண்ணாயிருச்சு!” லூர்தம்மா வேலி தாண்டி ஓடிவந்தாள், “யாரு வீட்டுப் புள்ளண்ணே, எப்ப ஒக்காந்தா?” என்று. பார்த்தால் அந்தப் பாம்புத் தலை காய்ந்து உதிர்ந்து, அந்த இடத்தில் சின்ன மக்காச்சோளக் கதிர் மாதிரி ஒன்று, மணி மணியாக, ரத்தச் சிவப்பில். மூன்று பேரும் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டு பார்த்தோம். நாற்பத்தோரு வருஷத்தில் நீ அன்றைக்குப் பேசின அளவு பேசினதில்லை. இந்தச் செடி சின்னதாக இருக்கும்போது ஆண். கிழங்கில் சத்துச் சேரச் சேர ஒரு வருஷம் பெண்ணாக மாறும், அந்த வருஷம்தான் காய்க்கும். காய்த்து ஓய்ந்து சத்துக் குறைந்துவிட்டால் திரும்ப ஆணாகிவிடும். அப்புறம் இன்னும் என்னவோ சொன்னாய், அது எனக்குக் காதில் ஏறவில்லை. ஏனென்றால் அந்த நேரம் லூர்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு, “அப்ப எங்க அக்காவை எதுலண்ணே சேக்குறது?” என்றாள். நீ அந்தப் பழத்தைப் பார்த்தபடியே, சிரிக்கக்கூட இல்லை, லேசாக உதடு மட்டும், “உங்கக்காவா? சத்துக் கொறைஞ்சு எப்பவோ ஆம்பளையாயிட்டா” என்றாய். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நான்தான் அதிகமாகச் சிரித்தேன், வேண்டுமானால் அவளைக் கேள்.

ஆம்பளை என்று சொன்னதற்கா எனக்குக் கோபம்? போய்யா. ஆம்பளை ஒச்சம்மா என்று கூப்பிட்டால்தான் மண்டியில் திரும்பிப் பார்ப்பேன். அந்தப் பேரை நான் கை கொடுத்து வாங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் வாயால் விலை சொல்லமாட்டார்கள், துண்டை விரித்துப் போட்டு அதற்குக் கீழே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. ஒரு விரலைப் பிடித்தால் இத்தனை, மடக்கினால் பாதி. பொம்பளை எப்படித் துண்டுக்குள் கையை விடுவாள் என்று என்னைக் களத்து ஓரத்திலேயே நிறுத்தியிருந்தான்கள். உசிலம்பட்டிப் பக்கம் வானம் பொய்த்து, பன்னிரண்டு வயதில் மலையேறி, பூண்டு உரித்து, மூட்டை தைத்து, மூட்டை சுமந்து வந்தவள், ஓரத்திலேயே நிற்பேனா. ஒரு நாள் விட்டேன் கையை. அந்த வியாபாரி விலைக்குப் பிடிக்கிற மாதிரியா பிடித்தான். உள்ளங்கையில் சுரண்டினான். முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கினேன், துண்டுக்கு மேலே யாருக்கும் ஒன்றும் தெரியாது, அவன் கண்ணில் மட்டும் தண்ணி. நான் சொன்ன விலைக்கு முடித்தான். அன்றைக்கு ராத்திரி உன்னிடம் சொன்னேன். நீ திரும்பிப் படுத்துக்கொண்டாய். கோபமா பெருமையா என்று தெரியாமல் ரெண்டு நாள் நான் செத்தேன். மூன்றாம் நாள் ஒரு புதுத் துண்டு, நல்ல அகலக் கரை போட்டது, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாய். அப்பேர்ப்பட்டவன் ஆம்பளை என்று சொன்னால் எனக்கு வலிக்குமா. அது இல்லை. அந்த இடத்துக்கு நான் போகவில்லை. மணி என்ன. பதினொன்றரை ஆகவில்லை இன்னும்.

சௌசௌ பந்தல் போடத்தான் தோண்டினேன். மார்கழி, மண் மெத்தென்று இருந்தது, இடம் சும்மா கிடந்தது, நாலு கொடி விட்டால் வீட்டுக்கு ஆகும் என்று நினைத்தேன். தமயந்தியிடம் அப்படித்தான் சொன்னேன், லூர்தம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன், உன்னிடமும். நீ தலையை ஆட்டினாய். அந்தத் தலையாட்டல்தான், அது எனக்கு இன்னும், அதை விடு. சௌசௌ. சரி, நாற்பது வருஷமாகக் காய் பார்க்கிறவள் நான். எந்தச் சரிவில் வெயில் எத்தனை நேரம் விழும், எவன் தோட்டத்துக் காய் எத்தனை நாள் தாங்கும் என்று காம்பைப் பார்த்துச் சொல்லுகிறவள். இந்த இருட்டு மூலையில், ரெண்டு பட்டர்புரூட் மரத்துக்கு அடியில், சௌசௌ காய்க்குமா? ஒரு பூ பிடிக்குமா? பச்சைப்பிள்ளைக்குத் தெரியும் பிடிக்காது என்று. உனக்கும் தெரியும். தெரிந்துதான் தலையை ஆட்டினாய். நான் பொய் சொல்லுகிறேன் என்று தெரிந்து, எதற்காகச் சொல்லுகிறேன் என்று கேட்காமல், ஆட்டினாய். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா. தெரியாது. ஆறு கிழங்கையும் வெளியே போட்டேன். கை சும்மா இருக்கவில்லை, மண்டிக் கை அல்லவா, மூட்டையிலிருந்து மாதிரிக்கு ஒன்றை எடுத்தால் நகத்தால் கீறி உள்ளே வெள்ளையா நீர்க்கட்டா என்று பார்க்காமல் போடாது. ஒவ்வொன்றாகக் கீறினேன். எல்லாம் வெள்ளை. உள்ளே அப்படி வெள்ளையாக, ஈரமாக, உயிரோடு இருந்தது. ஆமாம். பார்த்தேன். கீறும்போதே தெரிந்தது. அப்படியும் குப்பைக் குழியில் வீசினேன். கை அரிப்பெடுத்துத் தீயாய் எரிந்தது, புறங்கை வரைக்கும் தடித்துவிட்டது. நீ வந்தாய், குழியைப் பார்த்தாய், என் கையைப் பார்த்தாய். முதலில் புளியைக் கரைத்து எடுத்துவந்து என் ரெண்டு கையையும் சட்டியில் முக்கி, விரல் விரலாக, இடுக்கு இடுக்காகத் தேய்த்துவிட்டாய். அதற்கு அப்புறம்தான் குழியில் இறங்கினாய். மூன்றுதான் தேறியது.

அந்தப் புரட்டாசியில் நீ சொன்ன மீதியும் இப்போது காதில் விழுகிறது, சனியன், இத்தனை மாதம் எங்கே போயிருந்ததோ. “காய் ஓய்ஞ்சதும் படுத்துரும். செத்துருச்சுன்னு நெனைச்சிராத. ஆனிக்குத்தான் எந்திரிக்கும்.” சொல்லியிருக்கிறாய். லூர்தம்மா சிரிப்புக்கு முன்னால் இல்லை, அதற்கு அப்புறம், என் முகத்தைப் பார்த்தே சொன்னாய். நான்தான் அதற்குள் வேறு இடத்தில் இருந்தேன். அந்தக் காலத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். பச்சைச் சுவர், அதில் காரை பெயர்ந்து யானை மாதிரி ஒரு வடிவம். தமயந்திக்கு மூன்று வயது அப்போது. அஞ்சு மாதம், வயிறு தெரியவில்லை என்று நான் பாட்டுக்கு உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றினேன், ஒரு நாள் நின்றால் என் இடத்தில் இன்னொருத்தி நிற்பாள். மூன்றாவது மூட்டையில் போய்விட்டது. நீ எனக்கு ரொட்டியும் பாலும் வாங்க வெளியே போயிருந்தாய், அந்த நேரத்தில்தான் அந்த நர்ஸம்மா பாத்திரத்தை மூடிக்கொண்டே, கோபமாகக்கூட இல்லை, சொன்னாள்: “சத்தே இல்லாத ஒடம்புல எப்படிம்மா புள்ள தங்கும்?” நீ வந்தாய், ரொட்டியைப் பிய்த்துப் பாலில் நனைத்துக் கொடுத்தாய். சோறு பிசைந்து கொடுத்ததில்லை என்றேனே, இதைக் கொடுத்திருக்கிறாய். அவள் சொன்னதை நான் உன்னிடம் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் எதுவும் தங்கவில்லை, நாமும் பேசவில்லை. முப்பத்தாறு வருஷம் கழித்து, ஒரு செடிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, லூர்தம்மா சிரிக்க, அந்தச் சொல்லை நீ எங்கிருந்து எடுத்தாய்? உனக்குத் தெரியாது, கிழங்குக்குச் சொல்லுகிற சொல்லை எனக்குச் சொன்னாய், தோட்டக்காரன் பேச்சு. தெரியும். தெரிந்தும் அந்தச் சிவப்புப் பழத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு, சத்து இருக்கிறதாம் அதற்கு, ஏழு வருஷம் நீ சலித்துப் போட்ட மண்ணில் சத்து ஏறிப் பெண்ணாகிவிட்டதாம். மூன்று மாதம் பொறுத்தேன். மூன்று மாதம் நான் எதற்கும் பொறுத்ததில்லை.

போதும், கையை விட்டுப் பார்த்துவிடலாம். தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனாய், தொடாமல் உட்கார்ந்து கண்டது என்ன. இருந்தால் இருக்கிறது என்று தெரியட்டும், இல்லை என்றால் இல்லை என்று பன்னிரண்டு மணிக்குச் சொல்லி முடிக்கிறேன். முதல் குச்சி. மேல் மண் சில்லென்று இருக்கிறது, அடியில் கதகதப்பு. கண்ணை மூடிக்கொள்ளுகிறேன், துண்டுக்குள் கை விட்டால் கண் எதற்கு. மண்புழு ஒன்று விரலைச் சுற்றிவிட்டுப் போகிறது. இன்னும் கீழே. வெங்காயச் சருகு மாதிரி ஏதோ, உள்ளே ஒன்றும் இல்லை, தோலை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. ரெண்டாவது குச்சி. விரல் பொதக்கென்று உள்ளே போகிறது, அழுகல், கையை இழுத்தால் நாற்றம். நகம் பட்ட இடத்தில் தண்ணி இறங்கியிருக்கும். என் நகம். மூன்றாவது குச்சிக்குப் போக மனசு வரவில்லை. மணி பதினொன்று ஐம்பது. லூர்தம்மா வீட்டில் குக்கர் விசில். கையைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி விடுகிறேன். ஒரு விரல் ஆழம். ரெண்டு. கல். கல் இல்லை. வழவழப்பு, உருண்டை, பக்கவாட்டில் நூல் நூலாக வேர், மண்ணை இறுக்கிப் பிடித்திருக்கிறது, ஆட்டினால் ஆடவில்லை. யோவ். கெட்டியாக இருக்கிறது. விரலை மேலே நகர்த்துகிறேன், கிழங்கின் உச்சியில் ஒரு கூர், ஊசி இல்லை, கொழுத்த கூர், மேலே மேலே போகிறது, மண்ணுக்கு அரை விரல் கீழே வரைக்கும் வந்து நிற்கிறது. நாளைக்கு வெடித்திருக்கும். நாளை மறுநாள் நிச்சயம். வந்துவிட்டான், வந்துவிட்டது, சிரிக்கிறேனா என்ன, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சுப் பாரம் இறங்குகிறது, அந்த நேரத்தில் கட்டைவிரல். நான் ஏவவில்லை அதை. கிழங்கு கையில் அகப்பட்டால் கட்டைவிரல் தானாக ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கும், தோல் வழுகினால் இளசு, வழுகாவிட்டால் முற்றல், லட்சம் தடவை தள்ளின விரல், அதற்கு என்னிடம் கேட்கிற வழக்கம் இல்லை. தள்ளிவிட்டது. நொறுக்கென்று ஒன்று, வெள்ளரிப்பிஞ்சு ஒடிகிற மாதிரி. சத்தம் காதுக்கு வரவில்லை, விரலுக்குத்தான் கேட்டது.

வெளியே எடுத்துப் பார்க்கிறேன். விரல் நீளம் இருக்கிறது. அடிப்பக்கம் வெள்ளை, நுனிப்பக்கம் பாம்புத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகக் கருஞ்சிவப்பு, இறுகச் சுருட்டின குடை மாதிரி இலை உள்ளேயே இருக்கிறது. ஒடிந்த இடத்தில் தண்ணி முத்தாக நிற்கிறது. ஒட்டவைக்க முடியுமா. திரும்பக் குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது, வரவில்லை என்று சொல்லிவிடலாம், நகம் பட்டு எல்லாம் அழுகிவிட்டது என்று சொல்லிவிடலாம், அதில் பாதி உண்மைதானே. இல்லை, லூர்தம்மா வாளி இருக்கிறது. வந்துவிட்டது என்று சொல்லலாம். நீ வந்து பார்க்கும்போது ஆடு கடித்துவிட்டது என்று, எந்த ஆடு, இந்தச் சரிவில் ஏது ஆடு. உள்ளங்கை அரிக்க ஆரம்பிக்கிறது. போன் அடிக்கிறது. பன்னிரண்டுக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருக்கிறது, முன்னாலேயே அடிக்கிறாள். இடது கையால் பையைக் கிழிக்கிறேன். “என்னம்மா, வந்துச்சா?” பின்னால் மின்விசிறி சத்தம். அந்தச் சத்தத்துக்குள்ளே ஒரு செருமல். நாற்பத்தோரு வருஷமாகக் கேட்ட செருமல். “உங்கப்பாகிட்டக் குடு.” “இங்கதாம்மா ஒக்காந்திருக்காரு, ஸ்பீக்கர்லதான் இருக்கு, சொல்லு.” “இந்தாங்க, கேக்குறீங்களா?” என்கிறேன், பிள்ளை முன்னால் உன்னை நீங்க என்றுதான் கூப்பிடுவேன். “ம்” என்கிறாய். அந்த ம்-மைக் கேட்டதும் ஆடும் வாளியும் அழுகலும் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. “தமயந்தி, அந்த ஸ்பீக்கரை அமத்திட்டு அவரு காதுல வச்சிட்டு நீ வெளிய போ.” கதவு சாத்துகிற சத்தம் வரும் வரைக்கும் ஒடிந்ததைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்கிறேன்.

“மொளைச்சிருச்சுய்யா. இரு, முழுசாக் கேளு. விரல் நீளம் மொளைச்சு, மேல வர்றதுக்கு இருந்துச்சு. நான்தான் கையை விட்டு ஒடைச்சேன். வேணும்னு இல்ல, இந்தத் தடவை வேணும்னு இல்ல. போன தடவை வேணும்னுதான். சௌசௌவும் இல்ல ஒண்ணும் இல்ல. ஏன்னு கேட்டிருக்கணும் நீ, தலையை ஆட்டிட்டுப் போனே. பொரட்டாசியில லூர்தம்மா முன்னால ஒண்ணு சொன்னே, அது எனக்கு எங்க போய்ப் பட்டுச்சுன்னு உனக்குத் தெரியாது, நான் சொன்னதில்ல. போன்ல சொல்லமாட்டேன். மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்லுவேன், நீயும் மூஞ்சியைப் பாத்துத்தான் அதுக்குப் பதில் சொல்லணும். இப்ப பேச்சுக்கு வா. மொளைச்சா வர்றேன்னு சொன்னே. நெலைச்சா வர்றேன்னு சொன்னியா? பூத்தா வர்றேன்னு சொன்னியா? இல்லேல்ல. ஆனிக்குள்ளன்னே, இன்னிக்கு இருவத்தொம்போது. மொளை என் கையில இருக்கு, நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன். ஒடைச்சதுக்கு என்னை என்ன வேணாலும் பேசு, கத்தணும்னா கத்து, ஒரு தடவையாச்சும் கத்து, ஆனா மொளைக்கலேன்னு மட்டும் நீ சொல்ல முடியாது. கெழங்கு குழிக்குள்ள கெட்டியா இருக்கு. அதை மூடணுமா, காயவிடணுமா, இந்த வருசம் மறுபடி வருமா, அடுத்த வருசம் வரைக்கும் படுத்துருமா, எனக்கு ஒண்ணும் தெரியல. இப்படிச் செய்யி அப்படிச் செய்யின்னு அங்கேருந்து சொல்லாத, நீ சொல்லச் சொல்ல இந்தக் கை வேற எதையாவது செஞ்சிரும். ஒண்ணரைக்கு வண்டி இருக்கு. துண்டு, சட்டை எல்லாம் அவ அப்புறமா அனுப்புவா, நீ மொதல்ல கெளம்பு. வந்து உன் கையால இதைச் சரி பண்ணு. சரி பண்ணிட்டு இங்கேயே இரு.”